ஆணி வைத்த செருப்பும் ஆவாரம்பட்டையும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில், இயேசுவின் பாடுகளைக் காட்டுகிற ஈஸ்டர் பாஸ்கா நாடகத்துக்காக ரோமானியப் படைவீரர்களின் செருப்பையும் இடைவாரையும் பாளையங்கோட்டையில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து நிஜத் தோலிலேயே செய்து பார்த்ததை எழுதியிருந்தேன். தங்கப் பெயிண்ட் அடித்த ரெக்சினைத் தூக்கிப் போட்டுவிட்டு, அகழாய்வில் கிடைத்த செருப்புகளின் படத்தைப் பார்த்து அதே முறையில் வெட்டித் தைத்த வேலை அது. இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவே இல்லை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டு மற்றவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அண்ணாச்சி, வருகிற தவக்காலத்தில் எங்கள் பங்கில் பாஸ்கா போடுகிறோம். 12 படைவீரர்கள். வாடகைக் கடை உடையில் மார்புக்குத் தோல் கவசம், மணிக்கட்டுக்கு அகலமான தோல்பட்டை, முழங்கால் வரை சுற்றிக் கட்டும் செருப்பு வார் எல்லாம் இருக்கிறது. அதையே நல்ல தோலில் செய்துவிட்டால் சரியாக இருக்குமா?
— இளைஞர் குழு, வள்ளியூர் பக்கம்

தம்பிகளா, நல்ல தோலை வாங்கி அதில் சினிமா உடையைத் தைத்துவிடாதீர்கள், அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். மணிக்கட்டுப் பட்டைக்கு ஆதாரமே கிடையாது. ரோமானியப் படைவீரன் அப்படி ஒன்றைக் கட்டியதாகக் கல்லறைச் சிற்பமும் காட்டவில்லை, மண்ணுக்குள்ளிருந்தும் வரவில்லை. முழங்கால் வரை குறுக்கும் நெடுக்கும் சுற்றுகிற வாரும் அப்படித்தான். படைவீரனின் செருப்பு, லத்தீனில் கலிகா என்பார்கள், கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே முடிந்துவிடும்.

மார்புக் கவச விஷயத்தில் ஒரு கதை உண்டு. ரோம் நகரில் டிராஜன் தூண் என்று ஒன்று நிற்கிறது, கி.பி. 113இல் திறந்தது. அதில் செதுக்கியிருக்கிற வீரர்கள் பட்டை பட்டையாக ஒரு கவசம் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டுத் தோல்பட்டைதான் என்று ரொம்ப காலம் சிலர் நினைத்திருந்தார்கள். 1964இல் இங்கிலாந்தின் வடக்கே கோர்பிரிட்ஜ் என்ற ஊரில் ஒரு பெட்டியே கிடைத்தது, அதற்குள் அந்தக் கவசத்தின் துண்டுகள். பட்டைகள் எல்லாம் இரும்பு. தோல் உள்பக்கம் இருந்தது, இரும்புத் தகடுகளை ஒன்றோடொன்று பிடித்து வைக்கிற வாராக. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தோல் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது.

உங்கள் நாடகத்துக்கு இன்னொன்றும் முக்கியம். இயேசுவுக்குச் சிலுவைத் தண்டனை கொடுத்த ரோமானிய ஆளுநன் பிலாத்து யூதேயாவை ஆண்ட வருஷங்கள் கி.பி. 26 முதல் 36 வரை. அவன் கையில் இருந்தது பெரும்பாலும் துணைப்படை, செபஸ்தே, செசரியா போன்ற அந்தப் பக்கத்து ஊர்களிலேயே ஆள் எடுத்த படை. பளபளக்கும் பட்டைக் கவசத்தை விடச் சங்கிலி வளையக் கவசம்தான் அவர்களுக்குப் பொருந்தும். அதைச் செய்யக் காசு இல்லையென்றால் கவசமே வேண்டாம், காவலில் நிற்பவன் வெறும் சட்டையும் இடைவாரும் வாளும் செருப்புமாக நின்றால் போதும். இடைவாரை மட்டும் விட்டுவிடாதீர்கள். இடையில் வார் இருந்தால்தான் அவன் படைவீரன். அகுஸ்துஸ் பேரரசர் தப்புச் செய்தவர்களுக்குக் கொடுத்த தண்டனைகளில் ஒன்று, வாரை அவிழ்த்துவிட்டுச் சட்டையோடு தளபதியின் கூடாரத்துக்கு முன்னால் நாள் முழுக்க நிறுத்துவது. ஊர் பார்க்க நம்மை அப்படி நிறுத்தினால் எப்படி இருக்கும், அந்த அவமானம்தான்.

ஆக, 12 பேருக்கும் 12 சோடி கலிகா, 12 வார். அதற்கு மேல் மிஞ்சுகிற பணத்தைத் தைக்கிறவருக்குக் கொடுங்கள்.

2000 வருஷத்துக்கு முந்திய செருப்பு இப்படித்தான் இருந்தது என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்? தோல் மக்கிப் போகாதா? கொற்கையிலும் ஆதிச்சநல்லூரிலும் ஏன் கிடைக்கவில்லை?
— கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

நல்ல கேள்வி தங்கச்சி. தோல் மக்கத்தான் செய்யும். அது தப்பிக்கப் பெரும்பாலும் ரெண்டு வழி. ஒன்று, ஈரம் கசியவே கசியாத வறட்சி, எகிப்துப் பாலைவனம் மாதிரி. இன்னொன்று அதற்கு நேர் எதிர், காற்றே புகாத சேறு. நம் ஊர் மண் ரெண்டிலும் சேராது. ஆறு மாதம் காய்ச்சல், மூன்று மாதம் ஈரம், நடுவில் கரையான். தாமிரபரணிக் கரையில் ஒரு செருப்பைப் புதைத்துவிட்டு அடுத்த பொங்கலுக்குத் தோண்டினால் என்ன கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இங்கிலாந்தின் வடக்கே விண்டோலாண்டா என்று ஒரு கோட்டை. ரோமானியர்கள் அங்கே மரத்தால் கோட்டை கட்டுவார்கள், கொஞ்ச வருஷத்தில் இடித்துத் தரைமட்டமாக்கிக் களிமண்ணைப் போட்டு மூடி அதன் மேலேயே அடுத்த கோட்டையைக் கட்டுவார்கள். அடியில் மாட்டியது எல்லாம் காற்றில்லாமல் அப்படியே நின்றுவிட்டது. அங்கே இதுவரை 5,000க்கும் மேல் செருப்பும் காலணியும் எடுத்திருக்கிறார்கள். அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது கைக்குழந்தையின் காலணி. படைவீரர்கள் மட்டும் இருந்த கோட்டை என்று புத்தகத்தில் எழுதி வைத்திருந்த இடத்தில் பெண்கள் செருப்பும் பிள்ளைகள் செருப்பும் கிடைத்த பிறகு, சரி, குடும்பமும் உள்ளேதான் இருந்திருக்கிறது என்று தெரிந்தது. 2017இல் அங்கேயே குத்துச்சண்டைக்காரர்கள் விரல் முட்டிக்கு மாட்டுகிற தோலுறை கூடக் கிடைத்தது. ஜெர்மனியில் மைன்ஸ் நகரிலும் நிறையக் கலிகா கிடைத்திருக்கிறது.

அதே விண்டோலாண்டாவில் மெல்லிய மரச்சீவலில் மையால் எழுதிய கடிதங்களும் உண்டு. ஒக்டேவியஸ் என்று ஒருவர் எழுதுகிறார்: தோல்கள் காட்டராக்டோனியம் என்ற ஊரில் கிடக்கின்றன என்று சொன்னீர்கள், நானே போய் எடுத்திருப்பேன், ரோடு மோசமாக இருக்கிற நேரத்தில் வண்டி இழுக்கிற விலங்குகளை வதைக்க மனசில்லை என்று. மழைக்காலத்தில் தோல் லாரி வரவில்லை என்று நான் போனில் கேட்கிற பதிலும் கிட்டத்தட்ட இதுதான்.

நம் பக்கம் தோல் கிடைக்கவில்லையே தவிர, சொல் கிடைத்திருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் செருப்புக்குத் தொடுதோல் என்று ஒரு பெயர், அடிபுதை அரணம் என்று இன்னொரு பெயர். தொடுதோல் அழுத்தி அழுத்தித் தழும்பு ஆழப் பதிந்த வலிய கால் என்று ஒரு இடையனின் பாதத்தைச் சொல்கிற வரி அதில் இருக்கிறது. எழுதியவர் அந்தக் காலை உட்கார்ந்து பார்த்திருக்கிறார். முல்லைப்பாட்டில் வருகிற யவனர்கள், கிரேக்க ரோமானியரை அப்படித்தான் சொன்னார்கள், இடையில் குதிரைச் சவுக்கைச் சுற்றியிருப்பார்கள், மத்திகை என்று பெயர். பாண்டியநாட்டுக் கொற்கை முத்தைப் பற்றிக் கிரேக்க மாலுமி ஒருவன் எழுதி வைத்திருக்கிறான், செங்கடல் கரையில் எகிப்தின் குசெய்ர் அல் கதீமில் தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடு கிடைத்திருக்கிறது. அந்தப் போக்குவரத்தில் ஆணி வைத்த செருப்பு ஒன்று நம் கடற்கரை மணலில் நடந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வது எனக்குப் பிடிக்கும். நினைப்புதான், ஆதாரம் என்று எழுதிவிடாதீர்கள்.

எந்தத் தோல் வாங்க வேண்டும்? கடையில் எல்லாமே அசல் தோல் என்கிறார்கள்.
— நாடக ஆசிரியர், தென்காசி

இதில் நாங்களே ஒரு முறை நன்றாக ஏமாந்தோம். பட்டை போட்டுப் பதனிட்ட தோல் என்று சொல்லி ஒரு கடையில் தந்தார்கள், அழகான மரக்கலர். ஆணி அடித்து நனைத்துக் காயவைத்த பிறகுதான் தெரிந்தது அது குரோம் தோல் என்று. காலில் படியவே மாட்டேன் என்றது, ரப்பர் மாதிரித் திரும்பத் திரும்ப நிமிர்ந்தது. குரோம் உப்பில் தோல் பதனிடுவது 19ஆம் நூற்றாண்டில் வந்த முறை. ரோமானியன் செய்தது மரப்பட்டையில். ஓக் மரப்பட்டையும் அந்த மரத்தில் பூச்சி கடித்து உண்டாகும் காயும் அவர்களுக்கு. எகிப்தில் அந்தக் காய்க்குப் பதிலாக ஒரு முள்மரத்தின் நெற்றைப் போட்டுப் பதனிட்டார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். அந்த முள்மரம் நம் கருவேலம்தான், சீமைக்கருவேலம் இல்லை, பழைய நாட்டுக் கருவேலம். நம் ஆட்கள் அதே மரத்தின் பட்டையை உரித்துத் தோலுக்குப் போட்டிருக்கிறார்கள், கூடவே கடுக்காயும் ஆவாரம்பட்டையும். மஞ்சள் பூவோடு தரிசெல்லாம் பூத்துக் கிடக்கிற, பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிற அதே ஆவாரைதான். ஒரு காலத்தில் தென்னாட்டுத் தோலுக்கு வெளிநாட்டில் பெயர் வாங்கிக் கொடுத்தது அந்தப் பட்டை. திண்டுக்கல், திருச்சி பக்கம் இன்றும் ஈ.ஐ. தோல் என்று கேட்டால் பட்டையில் பதனிட்டதைக் காட்டுவார்கள். ஈ.ஐ. என்றால் கிழக்கிந்தியா, கம்பெனி காலத்துப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

இனி நீங்கள் ஏமாறாமல் இருக்க ரெண்டு சோதனை. கடைக்காரரிடம் விரல் அகலத் துண்டு ஒன்று கேளுங்கள். அதை நனைத்து, துருப்பிடித்த ஆணி ஒன்றை அதன் மேல் வைத்து ராத்திரி விட்டுவிடுங்கள். பட்டைத்தோலாக இருந்தால் காலையில் ஆணி கிடந்த இடம் மை கொட்டினது போல நீலக்கறுப்பாக இருக்கும். பட்டைத் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் அப்படித்தான் கறுக்கும். அடுத்தது, இன்னொரு துண்டைக் கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிஷம் போடுங்கள். பட்டைத்தோல் சுருண்டு கட்டையாகிவிடும், குரோம் தோல் பெரிதாக அசையாது.

முதல் சோதனையிலேயே கறுப்புச் சாயமும் இருக்கிறது பாருங்கள். இரும்பு உப்பில் தோலைக் கறுப்பாக்குவது ரோமானியச் செருப்புக்காரர்களுக்கும் தெரியும், அந்த உப்புக்குச் செருப்பு மை என்றே லத்தீனில் பெயர். கலம்காரி வேலைக்காரர்கள் வெல்லத்தண்ணீரில் துருப்பிடித்த இரும்பை ஊறப்போட்டுக் கறுப்பு எடுப்பார்கள். நாங்கள் வெல்லத்துக்குப் பதில் உடன்குடிக் கருப்பட்டியைப் போட்டோம். மண்பானையில் மூன்று வாரம். மூடியைத் திறந்தபோது வந்த வாடையில் வீட்டில் எல்லாரும் மொட்டை மாடிக்குப் போய்விட்டார்கள், ஆனால் துணியில் தொட்டு ஒரு இழுப்பு இழுத்ததும் பழுப்புத் தோல் கண்முன்னால் சாம்பலாகி, சாம்பல் ஊதாவாகி, அப்புறம் எருமைக் கறுப்பாக நின்றது. பெயிண்டில் இந்தக் கறுப்பு வராது, இது தோலுக்கு உள்ளே இறங்குகிற கறுப்பு.

மேல்தோலுக்கு ரெண்டு, ரெண்டரை மில்லி கனமுள்ள மாட்டுத்தோல் எடுக்கிறோம், அடித்தோலுக்கு நாலிலிருந்து ஐந்து. முதுகுப் பக்கத்தோல் கேளுங்கள். வயிற்றுப் பக்கம் மலிவாகத் தருவார்கள், ரெண்டே ஒத்திகையில் இழுத்துக்கொண்டு போகும். கூடாரம் செய்கிறவர்கள் மட்டும் ஆட்டுத்தோலுக்குப் போகலாம், ரோமானியக் கூடாரம் வெள்ளாட்டுத் தோலில்தான்.

கலிகாவுக்குள் சாக்ஸ் போடலாமா? சினிமாவில் யாரும் போடுவதில்லையே.
— வாசகர், அம்பாசமுத்திரம்

போட்டிருக்கிறார்கள். விண்டோலாண்டாக் கடிதம் ஒன்றில் சாக்ஸ், ரெண்டு சோடிச் செருப்பு, ரெண்டு உள்ளாடை அனுப்பியிருக்கிறேன் என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். அது குளிர் ஊர். எருசலேமைக் காட்டுகிற நாடகத்துக்கும், பங்குனி வெயிலுக்கும், வேண்டாம்.

அடியில் ஆணி அடிப்பது எப்படி? எங்களுக்கு ஆணி உள்ளே குத்துகிறது.
— ஒரு பள்ளியின் கைத்தொழில் ஆசிரியர், சங்கரன்கோவில்

எங்களுக்கும் குத்தியது. முதல் சோடியை நாங்கள் மரப்பலகை மேல் வைத்து ஆணி அடித்தோம். முனைகள் நேராக உள்ளே வந்து நின்றதைக் கையால் தடவிப் பார்த்துச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டோம். சிலுவைப்பாதை ஒத்திகையில் ஒன்பதாவது படிக்கட்டில் ஒரு பையன் உட்கார்ந்துவிட்டான், செருப்பைக் கழற்றினால் உள்ளே ரத்தம். அந்தப் பையனின் அம்மாவிடம் நான் போய்ப் பேசின பேச்சு இன்னும் மறக்கவில்லை.

பிறகு அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு பெரியவரிடம் போனோம். அறுபது வருஷமாகச் செருப்புத் தைக்கிறவர், ஒரு காலத்தில் லாடம் அடித்த செருப்பு, நடந்தால் தெருமுனையிலேயே சத்தம் கேட்குமே, அதைச் செய்தவர். விண்டோலாண்டாப் படத்தைக் காட்டினோம். கொஞ்ச நேரம் பார்த்தார். "இது மூணு அடுக்குல்லா. நடுவுல இருக்கது மேல்தோலோட சேர்ந்தது, தனியா வெட்டலெ" என்றார். அதுதான் சரி. கலிகாவின் மேல்தோலும் நடுவடியும் ஒரே துண்டு, குதிகாலில் மட்டும் தையல், அதற்கு உள்ளே ஒரு அடித்தோல், வெளியே ஒரு அடித்தோல். புத்தகத்தில் நான் ரெண்டு நாள் படித்துப் புரிந்துகொண்டதை அவர் ஒரு படத்தில் பார்த்துவிட்டார்.

ஆணி அடிக்க அவர் எடுத்தது தம் மூன்று கால் இரும்பு, செருப்புத் தைக்கிற எல்லாரிடமும் இருக்கிற அதேதான். செருப்பைக் கவிழ்த்து இரும்பின் காலுக்கு மாட்டி, குமிழ்த்தலை ஆணியை வைத்து அடித்தார். முதல் ரெண்டு அடிக்கு மொத்துகிற மாதிரி ஒரு சத்தம், மூன்றாவது அடியில் டங் என்று குரல் மாறியது. முனை உள்ளே இரும்பைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகு இன்னும் ஒரே அடி. போக இடம் இல்லாமல் முனை கொக்கி போல வளைந்து தோலுக்குள்ளேயே திரும்பிப் புதைந்தது. உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன், ஒரு சின்ன மேடு, குத்தவில்லை. கிடைத்திருக்கிற ரோமானியச் செருப்புகளிலும் முனை இப்படித்தான் வளைந்திருக்கிறது. ஆணி உங்கள் அடித்தோல் கனத்தை விட நாலைந்து மில்லி நீளமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. ஒரு காலுக்கு 80, 90 ஆணி வரை போகும், அவசரப்பட்டால் தோல் கிழியும்.

இன்னொரு எச்சரிக்கை. ஆணிச் செருப்போடு கிரானைட் தரையில் ஓடவிடாதீர்கள். கி.பி. 70இல் எருசலேம் முற்றுகையில் ஜூலியன் என்ற நூற்றுவர் தலைவன் ஒருவன் தனியாளாக எதிரிகளைத் துரத்திக்கொண்டு கோயில் முற்றத்துக்குள் ஓடினான், வழுவழுப்பான கல் பாவிய தரையில் செருப்பு ஆணி வழுக்கி விழுந்தான், எழுவதற்குள் சூழ்ந்து கொன்றுவிட்டார்கள் என்று அந்தக் காலத்து யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதுகிறார். புதுசாக டைல்ஸ் போட்ட கோயில்கள் நம் ஊரில் நிறைய. புழுதி மைதானத்தில் ஆணி அருமையாகப் பிடிக்கும், டைல்ஸுக்கு ஆணியில்லாத சோடி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சோடிக்கு என்ன கூலி கொடுப்பது நியாயம்?
— வாசகி, வீரவநல்லூர்

கி.பி. 301இல் டயோக்லீஷியன் பேரரசர் எல்லாப் பொருளுக்கும் உச்சவிலை போட்டு ஆணையிட்டார். படைவீரன் செருப்பு, ஆணி இல்லாமல், 100 தினாரி. அதே பட்டியலில் வயல் வேலைக்காரருக்குச் சாப்பாட்டோடு ஒரு நாள் கூலி 25 தினாரி. அதாவது நாலு நாள் கூலி, ஆணிக்குத் தனி. (அப்போது செருப்பின் வடிவம் மாறிவிட்டது, நாம் செய்கிற திறந்த கலிகா 2ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்திலேயே வழக்கொழிந்தது, பெயர் மட்டும் நின்றது.) எங்கள் பெரியவருக்கும் வெட்ட, தைக்க, ஆணி அடிக்க முழுசாக மூன்று நாள் பிடிக்கிறது. ஆகவே அம்மா, தோல் விலையைத் தனியாகப் போட்டுவிட்டு, உங்கள் ஊரில் கொத்தனார் வாங்குகிற நாள் கூலியைக் கேட்டுக்கொண்டு அதை மூன்றால் பெருக்குங்கள். செருப்புத்தானே என்று பேரம் பேசாதீர்கள். செருப்புக் காசைக் கேட்டு ரோமுக்கு நடந்து வந்த கடற்படை ஆட்களை, இனி வெறுங்காலோடு நடங்கள் என்று வெஸ்பாசியன் பேரரசர் அனுப்பிவிட்டாராம். அந்தக் கஞ்சத்தனம் இத்தனை நூற்றாண்டு கழித்தும் எழுத்தில் நிற்கிறது.

அண்ணாச்சி, எங்க அப்பா பஸ் ஸ்டாண்ட் வாசலில் செருப்புத் தைக்கிறார். உங்கள் கட்டுரையைக் கல்லூரியில் நண்பர்கள் ரசித்துப் படித்தார்கள். அதே நண்பர்களிடம் அப்பாவின் தொழிலைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெள்ளைக்காரன் செய்தால் கலை, எங்க அப்பா செய்தால் மட்டும் ஏன் வேற பேரு?
— பெயர் வேண்டாம், திருநெல்வேலி

தம்பி, உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நீ கேட்டது சரிதான், என் கட்டுரையிலேயே அந்தக் குறை இருந்தது. ரோமானியக் கோட்டையின் பெயரை எழுதினேன், ஜெர்மன் ஊரின் பெயரை எழுதினேன், எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவரை "ஒரு பெரியவர்" என்று முடித்துவிட்டேன். இந்த இதழுக்கு முன்னால் அவரிடமே போய்க் கேட்டேன், பேர் போடலாமா என்று. பத்திரிகையில் வேண்டாம், செருப்பில் போடு என்றார்.

அதில் ஒரு விஷயம் இருக்கிறது, உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ரோமில் ஃபொன்டினாலே வாசல் பக்கத்தில் கடை வைத்திருந்த காயஸ் யூலியஸ் ஹீலியஸ் என்ற செருப்புத் தைப்பவரின் கல்லறைக் கல் இன்றும் இருக்கிறது. அதில் அவர் முகம், ஒளிவுமறைவில்லாமல் வயசான முகம், அதற்கு மேலே ரெண்டு கால் அச்சுக்கட்டை, ஒன்றில் செருப்பு மாட்டியபடி. தொழிலையும் கடை இருந்த இடத்தையும் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார். விண்டோலாண்டாவில் கிடைத்த பெண்கள் செருப்பு ஒன்றின் தோலில் செய்தவரின் முத்திரை இருக்கிறது, லூசியஸ் ஏபூடியஸ் தாலெஸ் என்று. ரோமிலும் பெரிய மனிதர்கள் இந்தத் தொழிலைத் தாழ்வாகத்தான் பேசினார்கள். அவர்கள் பேசினார்கள் என்று இவர்கள் பெயரை மறைத்துக்கொள்ளவில்லை.

நம் பக்கத்திலேயே சொல்கிறேன். வில்லுப்பாட்டில் முத்துப்பட்டன் கதை கேட்டிருப்பாய். தோல் தொழில் செய்கிற குலத்து வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் கட்டிக்கொள்ள வந்த பிராமணனிடம், குடுமியையும் பூணூலையும் அறுத்துவிட்டுச் செருப்புத் தைத்து வா என்று தகப்பன் சொல்கிறார். அவன் தோல் அறுத்துத் தைத்துத் தலையில் சுமந்து போகிறான். பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவன்தான் பட்டவராயனாக நிற்கிறான், சனம் அவனுக்குத் தோல் செருப்பைக் காணிக்கையாகப் போடுகிறது. அடுத்த வருஷம் பார்த்தால் அந்தச் செருப்பு நடந்து தேய்ந்திருக்கும் என்பார்கள். ஆடி அமாவாசைக்கு லட்சம் சனம் கும்பிடுகிற சன்னிதியில் செருப்புக்கு உள்ள மரியாதை, அதைத் தைத்தவனுக்குப் பஸ் ஸ்டாண்டில் இல்லை. இதற்கு நான் சமாதானம் சொல்ல மாட்டேன், சமாதானம் கிடையாது.

எங்களால் ஆனதை ஆரம்பித்திருக்கிறோம். இனி எங்கள் குழு செய்கிற ஒவ்வொரு சோடியிலும், உள் அடித்தோலில், குதிகால் படுகிற இடத்தில், தைத்தவர் பெயரும் ஊரும் செய்த வருஷமும் சூட்டுமுத்திரையாக விழும். தைத்தவர் பெயர் நிற்கும், நாளைக்கு யாரும் அதைப் பழம்பொருள் என்று விற்று ஏமாற்றவும் முடியாது. உன் அப்பாவுக்கு இஷ்டம் இருந்தால், கட்டாயம் இல்லை, அடுத்த 12 சோடியில் பாதியை அவர் செய்யட்டும், கூலி மேலே சொன்ன கணக்கு. வெட்டும் அளவுத்தாள் அனுப்புகிறேன். உன் நண்பர்களிடம் சொல்வதும் சொல்லாததும் உன் விருப்பம், அதில் நான் தலையிட மாட்டேன்.

மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கிறது. என்ன செய்ய?
— பலர்

பட்டைத்தோலுக்கு ஐப்பசியும் கார்த்திகையும்தான் எதிரி. பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள், அதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. பழைய வேட்டித் துணியில் சுற்றி, தரையில் படாமல் பரணில் காற்றோட்டமாக வையுங்கள். வெள்ளையாகப் பூத்துவிட்டால் உலர்ந்த துணியால் வீட்டுக்கு வெளியே நின்று துடைத்து, நிழலில் காயவைத்து, விளக்கெண்ணெய் ரெண்டு சொட்டு உள்ளங்கையில் தேய்த்து அந்தக் கையால் தோலைத் தடவினால் போதும். எண்ணெயை ஊற்றினால் வார் தொய்ந்துவிடும். வெயிலில் போடவே போடாதீர்கள்.

என் மகனுக்கு 6 வயசு. அவனுக்கும் ஒரு குட்டிக் கலிகா வேண்டுமாம். செய்ய முடியுமா?
— ஒரு அம்மா, கல்லிடைக்குறிச்சி

தாராளமாக. பாசறையில் வளர்ந்த ஒரு பிள்ளைக்குப் படைவீரர்கள் குட்டிச் செருப்பு மாட்டி, குட்டிக் கலிகா என்று செல்லப்பெயர் வைத்தார்கள், பின்னால் அவன் பேரரசன் ஆன பிறகும் கலிகுலா என்ற அந்தப் பெயர்தான் நின்றது. உங்கள் மகனுக்கு ஆணி வேண்டாம், ரெண்டு அடுக்குத் தோல் போதும். சாயங்கால நேரத்தில், கால் கொஞ்சம் விரிந்திருக்கும்போது, அவனைத் தாளின் மேல் நேராக நிற்கவைத்து ரெண்டு பாதத்தையும் பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்புங்கள், கணுக்கால் சுற்றளவையும் ஒரு நூலால் அளந்து அந்த நூலையே தாளோடு வைத்துவிடுங்கள். வளர்கிற கால், விரல் பக்கம் அரை இஞ்ச் கூட விட்டே வெட்டச் சொல்கிறேன். செருப்பு கைக்கு வந்ததும் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, ஈரத்தோடு மாட்டிக் கட்டி, காய்கிற வரை வீட்டுக்குள் விளையாட விடுங்கள். தோல் அவன் காலைப் பிடித்துக்கொள்ளும்.